மலைக்குள் போனவர் வீட்டுத் தாழ்ப்பாள்

கையுறை தைக்கும் பெண் கடைக்குள் நுழைந்தபோது, ரொட்டிக்காரி ஓர் எண்ணெய்ச் சாடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்நாட்டிலிருந்து கழுதை முதுகில் ஏறி வந்த சாடி அது. வாயைத் தோலால் மூடிக் கட்டி, கட்டின்மேல் மெழுகு ஊற்றியிருந்தார்கள். கயிற்றை அறுத்ததுதான் தாமதம், 'புஸ்' என்று அவள் மார்பில் எண்ணெயைத் துப்பியது.

"பாழாப்போனதே! ஒவ்வொரு தடவையும் என் மேலதான் துப்பணுமா? அந்த எண்ணெய்க்காரன் மூஞ்சில ஒரு தடவை துப்பக் கூடாதா?"

வந்தவள் சிரிக்கவில்லை. ரொட்டிக்காரி துடைத்து முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றாள். பிறகு, "அக்கா, மாடியில இருக்கிறவரைப் பாக்கணும்" என்றாள்.

மாடியில் இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆறப்போடு'. சந்தை வாசலில் எடை பார்க்கும் வேலையிலிருந்து ஓய்ந்தவர். யார் எந்த வழக்கைக் கொண்டுவந்தாலும், "கொஞ்சம் ஆறப்போடுங்க, சூட்டோட எதையும் தொட வேணாம்" என்பார். "ரொட்டிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனுஷங்களுக்குச் சொல்றார்" என்று ரொட்டிக்காரி கேலி செய்வாள். ஆனால் அவரிடம் யாராவது வந்துவிட்டால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாகப் படியேறுகிறவளும் அவள்தான்.

கையுறைக்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் கணவர் வழிகாட்டி. மலைக்கு ஏறுகிறவர்களை முன்னால் நடந்து கூட்டிப்போகிற வேலை. அவரை மலை அழைத்துக்கொண்டுவிட்டது என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாததா ஐயா? தச்சர் நாளை மறுநாள் காலையில வர்றாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். என் வீட்டுக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடலாமா, கூடாதா?"

அதைப் பால்காரரிடம் பால் கேட்பதுபோல் கேட்டாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இந்த இடத்தில் மலைமேல் இருக்கும் ஒரு பேரரசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தாழ்ப்பாளைப் பற்றி இவள் ஏன் கவலைப்படுகிறாள் என்று உங்களுக்குப் புரியாது.

அந்த ஊரில் பிள்ளைகளுக்கு நடை வருவதற்கு முன்பே அந்தக் கதை வந்துவிடும். ஊருக்கு மேலே மலை. மலைமேல் ஒருநாளும் கலையாத மேகம். மேகத்துக்குள் ஒரு பேரரசு. கருங்கல்லில் அடுக்கடுக்காக மாளிகைகள், மலை உச்சியை நோக்கி மேலேறி ஓடும் ஆறுகள், பனிக்கட்டியில் வார்த்த மணிகள். ஒருநாள் காலை, அரசியும் மக்களும் ஆடுகளும் அடுப்பில் பாதி வெந்த சோறுமாக அந்தப் பேரரசு மேகத்துக்குள் ஏறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு தனக்குப் பிடித்தவர்களை மட்டும் அது அழைத்துக்கொள்ளும். போனவருக்கு மூப்பில்லை, சாவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் இறங்கி வரலாம். அப்போது கதவு அடைத்திருக்கக் கூடாது. அதனால் அந்த வீட்டுத் தாழ்ப்பாளைத் தச்சர் வந்து கழற்றிவிடுவார். பிறகு அந்தக் கதவில், அங்கே யார் பிறந்தாலும் யார் இறந்தாலும், தாழ்ப்பாள் ஏறாது.

"கூடப் போன அவரோட அண்ணன் வந்து சொன்ன நாள்லேருந்தே நான் தாழ் போடல" என்றாள் கையுறைக்காரி. "ஜனங்க வந்துக்கிட்டே இருக்காங்க. வீட்டைத் தொட்டுக் கும்பிடணுமாம். நேத்து நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன், ஒரு ஆளு சமையல்கட்டு வரைக்கும் வந்துட்டான். பொண்ணு கதவுக்கு எதிர்ல படுக்கையைப் போட்டுக்கிட்டு அங்கதான் தூங்குறா. அப்பா வந்தா அவதான் முதல்ல பாக்கணுமாம். பனிக்காத்து நேரா அவ மேலதான் அடிக்குது. இருமுறா."

"உங்களுக்கு எதனால சந்தேகம் வந்துச்சு?" என்றார் ஆறப்போடு.

அவள் யோசித்தாள். "சந்தேகம்னு இல்ல. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. மரத்துப்போன கையில ஊசி குத்தினா மாதிரி. ரத்தம் தெரியுது, வலிக்கல." பிறகு, "அவரோட மெல்லிசு நூல் சட்டை ரெண்டையும் காணோம். பனிக்கு மேல போறவருக்கு அது எதுக்கு?" என்றாள்.

"ஆஹா!" என்று ரொட்டிக்காரி தொடையில் தட்டினாள். "அண்ணன்காரன் தள்ளிவிட்டுட்டான்! நான் அப்பவே நினைச்சேன், அவன் முழியே சரியில்ல."

"ஆறப்போடு தங்கச்சி" என்றார் அவர். "தள்ளிவிடப்போற ஆளுக்கு யாராவது நூல் சட்டையை மடிச்சு எடுத்துவைப்பாங்களா?"

மூவரும் புறப்பட்டார்கள். பகலிலேயே இரண்டு நிலாக்களில் சின்னது மட்டும் மேற்கே வெளுத்துக் கிடந்தது. கையுறைக்காரியின் வீட்டு வாசலில் செருப்புகளும் காலணிகளும் குவிந்திருந்தன. அவளுடைய மூன்று கொம்பு ஆடு, அந்தக் குவியலில் ஒரு சோடியை மட்டும் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. உயரமான, கணுக்கால்வரை வரும் மலையேறும் காலணி. கயிறு கோக்கும் துளைகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ரொட்டிக்காரி ஆட்டைத் தள்ளிவிட்டாள். அது பக்கத்துச் சோடியை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும் அதே காலணிக்கே வந்தது.

"இது யாரோடது?"

"மாமாவோடது" என்றாள் கையுறைக்காரி. கணவரின் அண்ணனை அப்படித்தான் அழைப்பாள். கயிறு திரிக்கிறவர் அவர். தம்பிக்கு மலையேறும் கயிறுகளைத் திரித்துக் கொடுப்பவரும், கடைசிப் பயணத்தில் கூடப் போனவரும் அவரே.

உள்ளே அவர் சுவரோரம் உட்கார்ந்து, வந்திருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"படி முடியுற இடத்துல மேகம் கதவு மாதிரி திறந்துச்சு. தம்பி முன்னாடி போனான். கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தான், கையில குடுவையோட. 'அண்ணே, இது அரசியோட முற்றத்துல அடைச்ச மூச்சு. வீட்டுல குடுத்துடு'ன்னான். திரும்பி உள்ள போயிட்டான். மேகம் மூடிக்கிச்சு."

குடுவை எதிர்ச்சுவரில் தொங்கியது. அந்த ஊர் வழிகாட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேகத்துக்குக் கீழே உள்ள உச்சிக் கணவாயை எட்டியதும், வெறும் குடுவையின் வாயைத் தோலால் இழுத்துக் கட்டி, மெழுகால் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மலை மூச்சு என்று பெயர். அதைத் திறப்பதில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்று தொங்கும். ரொட்டிக்காரியின் கடையில்கூட அவள் அப்பா கொண்டுவந்தது ஒன்று உண்டு. எல்லாக் குடுவைகளிலும் தோல் உள்வாங்கி, கட்டைவிரலால் அழுத்தியதுபோல் குழி விழுந்திருக்கும்.

இந்தக் குடுவையில் குழி இல்லை. தோல் வெளியே புடைத்து, மத்தளம்போல் விறைத்து நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர். "நம்ம குடுவை எல்லாம் வத்திப்போன மூச்சு. இது பேரரசோட மூச்சு. நிறைஞ்சு நிக்குது."

ஆறப்போடு குடுவையின் அருகே போய் வெகுநேரம் நின்றார். தொடவில்லை. பிறகு கயிற்றுக்காரரிடம் வந்தார்.

"கண்கொள்ளாக் காட்சிதான் பாத்திருக்கீங்க. இறங்கி வரும்போது வேற எங்கயாவது போனீங்களா?"

"எங்க போறது? நேரா வீட்டுக்குத்தான் வந்தேன். பனியைத் தவிர வேற எதையும் நான் மிதிக்கல."

"சரி" என்றார் ஆறப்போடு. அவ்வளவுதான் கேட்டார்.

தெருவுக்கு வந்ததும் ரொட்டிக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவுதானா? குடையக் குடையக் கேப்பீங்கன்னு பாத்தா, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி 'சரி'ங்கறீங்க!"

"உனக்கு ஒரு வேலை இருக்கு. நாளைக்கு எண்ணெய்க்காரரோட கழுதைங்க கூட மலையிறங்கிக் கீழ்ப்பாலம் வரைக்கும் போ. உன் வீட்டுல இருக்கிற காலிச் சாடி ஒண்ணை எடுத்துக்க. பாலத்துக்கிட்ட நின்னு அதோட வாயைத் தோலால இழுத்துக் கட்டு. மெழுகு ஊத்து. அப்படியே திரும்பி வா."

"உள்ள என்ன போடணும்?"

"ஒண்ணும் போட வேணாம்."

"காலிச் சாடியைக் கட்டி எடுத்துக்கிட்டு மலையேறி வரணும். ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு சொல்றீங்க."

"சிரிச்சா நீயும் சிரி. வர்ற வழியெல்லாம் தோலை மட்டும் பாத்துக்கிட்டே வா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மறுநாள் மாலை திரும்பியபோது அவளிடம் முணுமுணுப்பு இல்லை. சாடியைத் துணியால் போர்த்தி, தூங்கும் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். "அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு வேறு வார்த்தை வராத நாளை ஆறப்போடு அன்றுதான் பார்த்தார்.

தச்சர் சொன்ன காலையில் சொன்னபடி வந்தார். அவர் வாயில் எப்போதும் இரண்டு ஆணிகள் இருக்கும், அதனால் பேச்சு குறைவு. கதவின் முன் மண்டியிட்டுத் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். கும்பிட வந்திருந்தவர்களை ஆறப்போடு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். உள்ளே கையுறைக்காரி, அவள் மகள், கயிற்றுக்காரர், தச்சர், போர்த்திய சாடியோடு ரொட்டிக்காரி. மகள் படுக்கையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"தச்சரே, கொஞ்சம் பொறுங்க" என்றார் ஆறப்போடு. "கழட்டறது சுலபம். அதுக்கு முன்னாடி இவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க, அதுக்கு நான் பதில் சொல்லணும். பாப்பாவை வேணா சமையல்கட்டுக்கு..."

"இருக்கட்டும்" என்றாள் கையுறைக்காரி. "அவளும் காத்துக்கிட்டுத்தானே இருக்கா."

ஆறப்போடு தலையசைத்தார். ரொட்டிக்காரியிடம் கைகாட்டினார். அவள் துணியை விலக்கினாள். சாடியின் வாயில் தோல் புடைத்து நின்றது. சுவரில் தொங்கிய குடுவையைப்போலவே, ஆனால் கொஞ்சம் குறைவாக.

தச்சர் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இது எந்த முற்றத்துல அடைச்சது?"

"கீழ்ப்பாலத்துல" என்றாள் ரொட்டிக்காரி. "கழுதைங்க தண்ணி குடிக்கிற இடத்துல. கட்டும்போது தட்டையா இருந்துச்சு. மேல ஏற ஏற வீங்கிக்கிட்டே வந்துச்சு. நான் பாத்துக்கிட்டே வந்தேன்."

"நம்ம ஊர்ல எல்லாருக்கும் மேலேருந்து வந்த குடுவையைத்தான் தெரியும்" என்றார் ஆறப்போடு. "உச்சியில காத்து மெல்லிசு. அங்க அடைச்சுக் கீழ கொண்டாந்தா, இங்க இருக்கிற கனத்த காத்து வெளியேருந்து அழுத்தும், தோல்ல குழி விழும். பேரரசு கணவாய்க்கும் மேல இருக்குன்னா, இந்தக் குடுவையில இன்னும் ஆழமாக் குழி விழுந்திருக்கணும். விழல. அதுக்கு மாறாப் புடைச்சிருக்கு. கனத்த காத்தை அடைச்சு மெல்லிசுக் காத்துக்குக் கொண்டாந்தாத்தான் இப்படி ஆகும். காலிக் குடுவையைக் கீழேருந்து யாரும் இங்க கொண்டாந்ததில்ல. அதனால இதை அதிசயம்னு நினைச்சுட்டோம்."

"என் எண்ணெய்ச் சாடி!" என்று ரொட்டிக்காரி கத்தினாள். "அதான் துப்புது! இத்தனை வருஷமா அந்த எண்ணெய்க்காரனைத் திட்டிட்டேனே!"

"அவரை வேற காரணத்துக்குத் திட்டிக்கலாம். முதல் நாளே அந்தச் சாடிதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு." ஆறப்போடு கயிற்றுக்காரர் பக்கம் திரும்பினார். "கீழ்ப்பாலத்துச் சாடியை விட உங்க குடுவை அதிகமாப் புடைச்சிருக்கு. அப்படின்னா அது இன்னும் கீழ அடைச்சது. எவ்வளவு கீழங்கிறதை ஆடு சொல்லிடுச்சு. ஆடு எதை விடாம நக்கும்? உப்பை. உங்க காலணித் துளையில வெள்ளையாப் பூத்திருக்கிறது உப்பு. பனியைத் தவிர எதையும் மிதிக்கலன்னு சொன்னீங்க. பனியில உப்பு இல்ல ஐயா. நீங்க கடல் வரைக்கும் போயிருக்கீங்க. நூல் சட்டை போட்டுக்கிட்டுத் திரியுற ஊருக்கு."

கயிற்றுக்காரரின் கைவிரல்கள் இல்லாத ஒரு கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தன.

"நான் ஒரு கொலையும் பண்ணல" என்றார் கடைசியில்.

"தெரியும். அது வழிகாட்டி போடுற கட்டு. செத்தவர் குடுவையைக் கட்டித் தர மாட்டார்."

"மேல படி இருக்கு" என்றார் கயிற்றுக்காரர். யாரையும் பார்க்காமல் பேசினார். "யாரோ வெட்டின படிதான், பொய்யில்ல. மேகத்துக்குள்ள போகுது. போய்ப் பாத்தா ஒரு வெட்டவெளி. கல்லு. காத்து. ஒரு சுவரு கூட இல்ல. தம்பிக்கு அது எப்பவோ தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒவ்வொரு கோடையும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி, மேகத்துக்கு வெளியில நிறுத்தி, 'இன்னிக்குக் கதவு திறக்கல'ன்னு சொல்லித் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்தான். இந்தத் தடவை என்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினான். 'இனிமே என்னால முடியாதுண்ணே'ன்னான். அந்தப் பக்கமா இறங்கிட்டோம். கடல் வரைக்கும். அங்க உப்பளத்துல வேலைக்குச் சேந்துட்டான்."

"ஏன் இங்க வரல?" என்றாள் கையுறைக்காரி.

"வந்து ஊர்ல என்னன்னு சொல்வான்? அதுக்குத்தான் நான்..." அவர் கையுறைக்காரி பக்கம் திரும்பினார். "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு உன்னை யாரும் சொல்லிடக் கூடாதும்மா. மலை கூப்பிட்டவர் வீடுன்னா கும்பிடுவாங்க. உனக்கு அதுதான் மரியாதைன்னு நினைச்சேன். குடுவையை அவன்தான் கட்டிக் குடுத்தான். ஏறி வர வர அது வீங்குச்சு. எனக்கே பயமாப் போச்சு. பொய் சொல்லப் போறவன் கையில இது ஏன் இப்படி உயிரோட இருக்குன்னு. வீடு வந்து சேர்றதுக்குள்ள, நான் சொல்லப்போற கதையை நானே பாதி நம்பிட்டேன்."

"நூல் சட்டையை வீட்டுலயே எடுத்துவச்சுக்கிட்டாரே மாமா. அப்பவே முடிவு பண்ணிட்டாரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர்."

எழுந்து போய்ச் சுவரிலிருந்து குடுவையை இறக்கினாள். கையுறை வெட்டும் கத்தரிக்கோலால் கட்டை அறுத்தாள். 'புஸ்' என்று அது அவள் முகத்தில் மூச்சுவிட்டது. முன்நெற்றி முடி ஒருமுறை அசைந்து அடங்கியது. அவள் மூக்கை அருகே கொண்டுபோனாள்.

"இது என்ன வாசனை?"

ஆறப்போடு குனிந்து முகர்ந்தார். "கடல்."

"ஓ" என்றாள் அவள்.

ரொட்டிக்காரி அவள் தோளைத் தொட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. "செத்துட்டார்னா அழுதிருப்பேன்க்கா. மேல இருக்கார்னா காத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. மாவு பிசையலாமா? எல்லாரும் இன்னும் சாப்பிடல."

"நான் பிசையறேன். நீ உக்காரு" என்றாள் ரொட்டிக்காரி. உடனே எழவில்லை. தோளில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

தச்சர் ஆணிகளை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டார். "ஊர்ல நான் என்ன சொல்றது?" என்று ஆறப்போடுவிடம் கேட்டார்.

"மேகத்தைப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கல. இவங்க கேட்டது தாழ்ப்பாளைப் பத்தி. பதில் சொல்லிட்டேன். மத்தபடி இது இவங்க வீட்டு விஷயம்."

எல்லோரும் கையுறைக்காரியைப் பார்த்தார்கள். அவள் காலிக் குடுவையை, வழக்கமாகப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் தட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"கழட்ட வேணாம் தச்சரே" என்றாள். "அக்காகிட்ட எண்ணெய் வாங்கி ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போங்க. இழுக்கும்போது ரொம்பக் கத்துது."

தச்சர் எண்ணெய் விட்டார். இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். அது சத்தமில்லாமல் போய்வந்தது. கயிற்றுக்காரர் வாசலில் ஆட்டிடமிருந்து காலணியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளியே கும்பிடக் காத்திருந்தவர்களிடம் ரொட்டிக்காரி, "இன்னிக்கு இல்ல, கிளம்புங்க, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று கையை வீசி விரட்டுவது கேட்டது.

கையுறைக்காரி மகளின் படுக்கையைச் சுருட்டி உள்ளறைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தாள்.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா வந்தா?"

"தட்டுவார்" என்றாள் அவள். "எல்லாரும் அப்படித்தான் வருவாங்க."